ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு வகுப்பு

"இன்னும் ஒரு வருசத்துக்குள்ள நம்ம தோட்டத்துப் பையன் ஒருத்தன் மாவட்ட டீமுல விளையாடுவான். இல்லாட்டி என் பேரையே மாத்திக்கிறேன்!"

இந்தச் சபதத்தை எங்கள் வீட்டு அடுப்படி வாசலில் நின்று, வலது கையை உயர்த்தி எடுத்தேன். எங்கள் லயத்து வீட்டுக் கூரை தாழ்வு. கை இடித்துக்கொண்டது.

என் மனைவி விஜயகலா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"என்ன பேரு வைக்கப் போறீங்க?"

"எதுக்கு?"

"இல்ல, கிராம சேவகர்கிட்ட ஃபோரம் குடுக்கணும்ல. முன்கூட்டியே சொன்னா நல்லது."

இப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டுதான் நான் கிரிக்கெட்டை வளர்த்தேன் என்பதை முதலிலேயே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் பெயர், இன்று வரைக்கும், ஐயாவு. தெஹியோவிட்டவில் பஸ் இறங்கி, த்ரீவீலர் பிடித்து மேலே ஏறி, த்ரீவீலர்காரன் "இதுக்கு மேல போகாதுண்ணே" என்று சொல்லும் இடத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் எங்கள் றப்பர் தோட்டம். ஃபேக்டரியில் றப்பர் சீட் உருட்டுகிற மெஷினில் எனக்கு வேலை. அது வயிற்றுக்கு. உயிருக்கு, மேல் டிவிசன் யங் ஸ்டார் கிரிக்கெட் கழகம். ஸ்தாபகர் நான். தலைவர் நான். இருபத்திரண்டு வருசமாக ஆரம்பத் துடுப்பாட்டக்காரனும் நான்தான். ஆரம்பத்திலேயே திரும்பி வந்துவிடுகிறவர் என்று அதற்கு விஜயகலா அர்த்தம் சொல்வாள். அதை விடுங்கள்.

எங்கள் மைதானத்தை நீங்கள் பார்க்க வேண்டும். பழைய றப்பர் மரங்களைப் பிடுங்கிவிட்டு, கன்று நடாமல் விட்ட ஒரு சரிவு. தொரையிடம் கெஞ்சி வாங்கினோம். வலது பக்கம் அடித்தால் பந்து தானாகவே ஓடைக்குப் போகும். இடது பக்கம் அடித்தால் கொஞ்ச தூரம் போய், யோசித்து, அடித்தவனிடமே திரும்பி வரும். பந்து போடுகிறவன் மேட்டை நோக்கித்தான் ஓடிவர வேண்டும். ஃபீல்டர் குனிந்தால் பந்தை எடுக்கக் குனிகிறானா, காலில் அட்டையைப் பிடுங்கக் குனிகிறானா என்று கேப்டனால் சொல்ல முடியாது.

ஆனால் பையன்கள்! பதினைந்து பேர். அத்தனை பேரும் பொன். அதிலும் நிரோஷன் இருக்கிறானே, பதினாறு வயது, மூங்கில் மாதிரி உடம்பு. அவன் மேட்டில் மூச்சு வாங்க ஓடிவந்து போடுகிற பந்தை நான் இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. சத்தம் கேட்டிருக்கிறேன். ஸ்டம்ப் விழுகிற சத்தம்.

இந்தப் பையன்களை ஒழுங்காகப் பயிற்றுவிக்க ஞாயிறு காலை ஒன்றுதான் எனக்கு நேரம். அதற்கு இரண்டு தடைகள். முதல் தடை, தாய்மார். ஓ.எல். பரீட்சை வருகிற வருசத்தில் எந்தத் தாய் பிள்ளையைப் பந்து பொறுக்க அனுப்புவாள்? இரண்டாவது தடை, என் வீடு. முந்தின வருசம் மழை வந்தபோது விஜயகலா மிளகு காயப்போடுகிற புதுப் படங்கை எடுத்துக்கொண்டு போய் பிட்ச்சை மூடினேன். பிட்ச் நனையவில்லை. மிளகு நனைந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கிரிக்கெட் என்பது கெட்ட வார்த்தை.

ஆகவே நான் மூளையைப் பாவித்தேன்.

"கலா, ஒரு யோசனை. ஓ.எல். எழுதப்போற புள்ளைகளுக்கு ஞாயித்துக்கெழம காலையில இலவசமா கணக்கு வகுப்பு நடத்தலாம்னு பாக்குறேன்."

"யாரு நடத்துறது?"

"நான்தான்."

"நீங்களா? கணக்கா?"

"என்ன அப்படிக் கேக்குற? நான் ஓ.எல்.ல கணக்குக்கு எஃப் எடுத்தவன்."

எங்கள் காலத்தில் எஃப் என்றால் என்ன என்று அந்தக் காலத்தில் பரீட்சை எழுதியவர்களுக்குத் தெரியும். ஃபர்ஸ்ட் என்று பெண் பார்க்கப் போன அன்று மாமனாரிடம் சொல்லி வைத்திருந்தேன். இருபது வருசமாக அந்தப் பொய் வீட்டில் மரியாதையாக வாழ்ந்துகொண்டிருந்தது.

விஜயகலா என்னை ஒரு நிமிசம் பார்த்தாள். "நல்ல விசயம்தானே. நடத்துங்க" என்றாள்.

அவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெற்றி மயக்கம்.

அவள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள். தாய்மார் றப்பர்ப் பால் வெட்டப் போகும்போது குழந்தைகளை அவளிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். இருபது வயதுக்குக் கீழே உள்ள எல்லாரும் அவள் கையால் சோறு தின்றவர்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னாள், பதினைந்து தாய்மாரும் சம்மதித்தார்கள். நிரோஷனின் தாய் கருப்பாயி நேரிலேயே வந்துவிட்டார்.

"தம்பி, இவன் கணக்குல பதினேழு மார்க்கு எடுத்திருக்கான். பரீட்ச முடிஞ்சதும் கொழும்புல புடவைக் கடையில விடலாம்னு ஆளு பேசி வச்சிருக்கேன். பேக்கு கூட வாங்கிட்டேன். பாஸ் பண்ணினா மேல படிக்கட்டும். ஒங்க கையிலதான் இருக்கு."

"கவலைய விடுங்கக்கா. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

ஞாயிறு வந்தது. பதினைந்து பேரும் கொப்பியும் கையுமாக வந்தார்கள். கொப்பிகளை ஒரு மரக்குற்றியில் அடுக்கிவிட்டுப் பேட்டைத் தூக்கினோம். மத்தியானம் வீட்டுக்கு வந்தேன்.

"இன்னைக்கு என்ன பாடம்?" என்றாள் விஜயகலா.

"கோணம்."

"எத்தன பாக?"

"எல்லாம் ஒரு பத்துப் பாக இருக்கும்."

"களிசான்ல என்ன செவப்பா?"

குனிந்து பார்த்தேன். பந்தைத் தேய்த்த தடம். "சோக்குக் கட்டி. செவப்புச் சோக்கு."

"தொடையிலயா எழுதினீங்க?"

"போர்டுல எடம் பத்தல."

"ஓ. பைதகரஸ் வந்துச்சா?"

நான் யோசித்தேன். கீழ் டிவிசனில் அப்படி ஒரு பையன் இருப்பானாக இருக்கும். இப்போதெல்லாம் என்னென்னவோ பெயர் வைக்கிறார்கள்.

"வரல. காய்ச்சலாம்."

"அடடா" என்றாள். உள்ளே போனாள். பிறகு அவள் இருமுவது கேட்டது. அது சிரிப்பை அடக்குகிற இருமல் என்று எனக்குத் தெரிய மூன்று மாதம் ஆனது.

அடுத்த ஞாயிறு அவளே ஒரு பெரிய கேத்தலில் தேத்தண்ணியும், ஒரு கூடை அவித்த மரவள்ளிக் கிழங்கும் கொடுத்தாள்.

"படிக்கிற புள்ளைக. களைச்சுப் போகும். எத்தன பேரு?"

"பதினஞ்சு."

"பதினொண்ணு போதாதா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல. கெழங்க எண்ணிட்டிருந்தேன்."

இப்படியே மூன்று மாதம். பையன்கள் முன்னேறிய வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. ஒரே ஒரு குறை. வார நாட்களிலும் கொஞ்சம் கேட்ச் பிடிக்கப் பழக்கலாம் என்று கூப்பிட்டால் செவ்வாயும் வியாழனும் ஒருவனும் வரமாட்டான். கேட்டால், கோயிலில் பஜனை. சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் பஜனை. சந்தியில் கடை வைத்திருக்கும் லாபிர் நானாவின் மகன் அப்லால்தான் எங்கள் விக்கெட் கீப்பர். அவனும் பஜனைக்குப் போகிறேன் என்றான். மத ஒற்றுமையை நம்ம கழகம் எப்படி வளர்த்திருக்கிறது என்று மார்பு விம்ம நினைத்துக்கொண்டேன். யாராவது இவ்வளவு மடையனாக இருக்க முடியுமா? முடியும்.

பிரதேச மட்டப் போட்டி வந்தது. தெஹியோவிட்ட மைதானம். தாய்மாரிடம், வகுப்புப் பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலா கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டவுனுக்கு இறக்கினேன்.

எங்கள் பையன்கள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சமதரையைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் சும்மா நடந்து பார்த்தார்கள். பிறகு நிரோஷன் பந்தை வாங்கினான். மேட்டிலேயே ஓடிப் பழகியவன். தரை மட்டமாக இருந்ததும் அவன் கால் தரையில் பட்டதா என்றே தெரியவில்லை. முதல் பந்தில் நடு ஸ்டம்ப் போய் கீப்பர் அப்லாலின் காலடியில் விழுந்தது. எதிரணிக்காரன் அவுட்டாகிவிட்டான் என்று அவனுக்கே யாரோ சிங்களத்தில் சொல்லித்தான் தெரியவேண்டியிருந்தது. நாலு ஓவர், ஒன்பது ஓட்டம், ஐந்து விக்கெட். மற்ற பையன்கள் கேட்ச் பிடித்தார்களே, பால் வாளியைச் சிந்தாமல் பிடிக்கிற மாதிரிப் பிடித்தார்கள். நூறு வருசமாகத் தோட்டத்தை எட்டிப் பார்க்காத கோப்பை ஒன்றை அன்று நாங்கள் த்ரீவீலரில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, ஃபேக்டரியில் என் மெஷினுக்குப் பின்னால் ஒளித்துவைத்தோம். கோப்பையைத் தந்து எழுந்து நின்று கை தட்டிய பிரதேசச் செயலக மனிதர்கள், பெட்டிசம் கொடுக்கப் போனபோது எங்களை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. தொப்பி போட்ட ஒருவர் என்னிடம் வந்தார். கேகாலையில் ஒரு பாடசாலையின் கிரிக்கெட் பயிற்றுநர். சிங்களத்தில்தான் பேசினார்.

"இந்தப் பையனை எங்களுக்குத் தாங்க. ஏ.எல். தமிழ்லயே படிக்கலாம். ஹொஸ்டல் இருக்கு. மாவட்டப் பயிற்சி அணிக்கும் நானே பேர் குடுக்கிறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஹரி, ஹரி சேர்!" என்று சிங்களத்திலேயே சம்மதம் சொன்னேன்.

"ஒண்ணு மட்டும். ஓ.எல். பாஸாகணும். கணக்கு கட்டாயம். கணக்கு இல்லாம அதிபர் எடுக்கமாட்டார்."

மைதானம் திடீரென்று எங்கள் மைதானம் மாதிரிச் சரிந்தது.

பரீட்சைக்கு ஏழு வாரம். நிரோஷன் பதினேழு மார்க். அவன் கணக்குப் படித்திருக்க வேண்டிய பன்னிரண்டு ஞாயிறுகளையும் நான்தான் தின்றுவிட்டேன். கருப்பாயி அக்கா வாங்கி வைத்த பேக் கண் முன்னால் வந்து நின்றது. ஒரு பிள்ளையைத் தூக்கிவிடப் போய் அவன் கழுத்திலேயே மிதித்துவிட்டேனே!

வீட்டில் சொல்ல முடியாது. விஜயகலா மூன்று மாதமாகக் கிழங்கு அவித்திருக்கிறாள். அடுத்த நாள் வேலை முடிந்ததும் நேரே லாபிர் நானா கடைக்குப் போனேன். அவருடைய மூத்த மகள் அக்ஸா, கணக்கு டீச்சர். கடை ஓரத்தில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தது.

"டீச்சர், ஒரு பெரிய உதவி. யார்கிட்டயும் சொல்லக்கூடாது. முக்கியமா என் வீட்டுல."

"செல்லுங்க ஐயாவு அண்ணன்." எங்கள் வீட்டுச் "சொல்லுங்க" அவர்கள் வீட்டில் "செல்லுங்க".

"நம்ம பையன்களுக்கு ஏழு வாரத்துல கணக்கு சொல்லிக் குடுக்கணும். வாரத்துல ரெண்டு நாளாவது."

அக்ஸா என்னை வினோதமாகப் பார்த்தது. "நான்தானே செல்லிக் குடுத்துக்கிட்டு ஈக்கிறேன்."

"எப்ப?"

"செவ்வாயும் வியாழனும். நாலு மணிக்கு. பிள்ளைக் காம்பராவுல. மூணு மாசமா. உங்களுக்குத் தெரியாதா?"

"பஜனையா அது?" என்றேன்.

"கலாக்காதான் ஏற்பாடு செஞ்சாங்க. அவங்களும் ஒக்காந்து செல்லிக் குடுப்பாங்க. நல்லா செல்லிக் குடுப்பாங்க. இந்தா, நிரோஷன்ட போன வாரத்துத் தாள்."

ஐம்பத்தெட்டு. சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது. பைதகரசின் தேற்றம் என்று ஒரு கேள்வி. அதற்கு முழுப் புள்ளி. அன்றுதான் அந்தப் பையன் யாரென்று எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு நடந்தேன். ஓட்டமும் நடையுமாக என்று சொல்லலாம். விஜயகலா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கலா, எப்ப தெரியும்?"

"என்னது?"

"எல்லாம்."

"பைதகரசுக்குக் காய்ச்சல் வந்த அன்னைக்கு சந்தேகம். மறுநாள் நிரோஷனக் கூப்பிட்டு ஒரு பணிசும் ஒரு தேத்தண்ணியும் குடுத்தேன். அஞ்சு நிமிசத்துல எல்லாத்தையும் சொல்லிட்டான்."

"துரோகி."

"புள்ளைகள நான் அடிக்கல, வையல. செவ்வா, வியாழன் எங்கிட்ட கணக்கு. ஞாயிறு மாமாகிட்ட வெளையாட்டு. ரெண்டுல ஒண்ணுக்கு வரலன்னா ரெண்டும் இல்லன்னு சொன்னேன். ஒருத்தனும் ஒரு நாளும் நிக்கல."

"தாய்மாருக்கு?"

"அன்னைக்கே சொல்லிட்டேன்."

"அப்ப கருப்பாயி அக்கா?"

"கல்விச் சுற்றுலாவுக்கு அந்தப் புள்ளையோட வெள்ளச் சட்டைய நீலம் போட்டுத் தோச்சது வேற யாரு?"

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். ஒரு தோட்டமே சேர்ந்து மூன்று மாதமாக என்னை ஏமாற்றியிருக்கிறது. நான் அவர்களை ஏமாற்றுகிறேன் என்ற நினைப்பில் இருக்கும்போதே!

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? நானும் கணக்குல..."

"எஃப்."

"ஃபர்ஸ்ட்டு..."

"ஏங்க. நீங்க எழுதின அதே வருசம்தான் எனக்கும் ரிசல்ட் வந்துச்சு. நான் எடுத்தது டி."

டி என்றால் அந்தக் காலத்தில் அதிவிசேட சித்தி, டிஸ்டிங்ஷன். அதற்கு மேலே எழுத்தே கிடையாது.

"நீங்க சொன்னத நம்பி, எங்கப்பா 'மாப்பிள்ளைக்கு எஃப்பாம், நீ என்னடி வெறும் டி'ன்னு ஒரு மாசம் எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல."

இருபது வருசம் இதை வைத்துக்கொண்டு ஒருத்தி சும்மா இருந்திருக்கிறாள். நினைத்தாலே குளிர் எடுக்கிறது.

அப்புறம் அவள் மடித்த துணியை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க. இந்தப் புள்ளைக வெளையாண்டு ஜெயிக்கும்னு நீங்க சொன்னீங்களே, அத நான் அன்னைக்கே நம்பினேன். நீங்க கணக்கு சொல்லிக் குடுப்பீங்கன்னு சொன்னதத்தான் நம்பல."

இருபது வருசத்தில் அவள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. பாதிதான் பாராட்டு. பாதியே எனக்கு அதிகம்.

அதற்குப் பிறகு கிரிக்கெட் கெட்ட வார்த்தை இல்லை. ஞாயிறுகளில் விஜயகலாவே மேட்டுக்கு வர ஆரம்பித்தாள். முதல் வாரம் தேத்தண்ணி கொண்டு வந்தாள். இரண்டாம் வாரம் ஒரு கொப்பி. மூன்றாம் வாரம், "நிரோஷன் மூணாவது ஓவர்ல களைச்சுப் போறான், ரெண்டோட நிறுத்தி அப்புறம் குடுங்க" என்றாள். சரியாகத்தான் இருந்தது. ஐந்தாம் வாரம் நாலு பெண் பிள்ளைகளைக் கூட்டிவந்து, "இவங்களுக்கும் பந்து குடுங்க" என்றாள். அதில் ஒருத்தி நுஹா, அப்லாலின் தங்கை, என்னை முதல் பந்திலேயே போல்ட் செய்தாள். தாய்மார் கரையில் நின்று கை தட்டினார்கள். எனக்கா, அவளுக்கா என்று நான் விசாரிக்கவில்லை.

பரீட்சை முடிந்தது. ரிசல்ட் வந்த அன்று பிள்ளைக் காம்பரா வாசலில் ஒரே கூட்டம். அக்ஸா டீச்சர் ஃபோனில் ஒவ்வொரு பரீட்சைச் சுட்டெண்ணாக அடித்துப் பார்த்தது. பதினைந்து பேரில் பதின்மூன்று பேர் கணக்கு பாஸ். நிரோஷனுக்கு பி. கருப்பாயி அக்கா பால் வாளியோடு நின்றிருந்தார். "பி நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார். நல்லது என்றதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, விஜயகலாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் ஃபேக்டரிப் பக்கம் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். கண்ணில் புகை பட்டுவிட்டது. அன்று ஃபேக்டரி லீவு.

நிரோஷனைத் தெஹியோவிட்டவில் பஸ் ஏற்றிவிட அரைத் தோட்டம் வந்தது. கொழும்புக் கடைக்கென்று வாங்கிய பேக்தான் தோளில் இருந்தது. அதற்குள் வெள்ளைச் சட்டை, ஒரு பந்து, ஒரு கணக்குப் புத்தகம். கேகாலை போகிற பஸ் புறப்பட்டபோது கண்டக்டர், "யார் இது, மந்திரி மகனா?" என்று கேட்டார். "எங்க டீமுடா!" என்று கத்தினேன். சிங்களத்தில் கத்த மறந்துவிட்டேன். இருந்தாலும் அவருக்குப் புரிந்தது. இரண்டு மாதத்தில் மாவட்டப் பயிற்சி அணிப் பட்டியல் வந்தது. பதினாறாவது பெயர் அவனுடையது. அந்தக் கடதாசியைப் படம் எடுத்து யார் யாருக்கோ அனுப்பினேன். இரண்டு பேர் யாரென்று எனக்கே தெரியாது.

இவ்வளவு பெருமைக்கும் நடுவில் போன வாரம் இன்னொரு சந்தோசம். கழகத்துக்கு ஒரு கடிதம். கிராமத்துக் கழகங்களின் பயிற்றுநர்களுக்குக் கேகாலையில் மூன்று நாள் பயிற்சியாம். சாப்பாடு, தங்குமிடம், கடைசியில் சான்றிதழ். கழகத்திலிருந்து ஒருவர். பெயரைப் பிள்ளைகளே கூடித் தெரிவு செய்து அனுப்பிவிட்டதாக அப்லால் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கூச்சம் என்று நினைத்தேன்.

இன்று விடிந்ததுமே குளித்தேன். சவரம் செய்தேன். டவுனில் தைத்துவந்த புது வெள்ளைக் களிசானைப் போட்டு, கண்ணாடி முன்னால் நின்று, பயிற்றுநர் ஐயாவு என்று இரண்டு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. திரும்பினால், விஜயகலா சேலை கட்டி, கையில் பையோடு, வாசலில் நிற்கிறாள். வெளியே த்ரீவீலர் ஹோர்ன் அடிக்கிறது.

"நீ எங்க போற?"

"கேகாலைக்கு. கடிதத்த நீங்க படிக்கலையா?"

மேசையில் இருந்த கடிதத்தை எடுத்துப் படித்தேன். கழகத்தின் பெயர் சரி. முகவரி சரி. பயிற்றுநர் என்ற இடத்தில், திருமதி ஐ. விஜயகலா.

"மூணு நாளா? வீட்ட யாரு பாக்குறது? சமையல்?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பருப்ப அடுப்புல வச்சிருக்கேன், போய்த் தாளிச்சிடுங்க. அதுக்கு முந்தி அந்த வெள்ளக் களிசான மாத்துங்க, மஞ்சக் கற பட்டா போகாது."